சித்தாளு காய்ச்சுன பால்

எனக்கு வாய் நீளமுன்னு ஊரே சொல்லும். சொல்லட்டும். கல்லும் மண்ணும் சொமக்கறவளுக்கு வாயும் இல்லாட்டி, அவளையும் அஸ்திவாரத்துல போட்டு மூடிட்டுப் போயிருவாங்க.

என்ற பேரு சின்னாயி, சித்தாளு வேலை. ரெண்டாவது கொரோனா அப்ப புதுச்சத்திரத்துல செங்கோடன்னு ஒரு ரிக்கு வண்டிக்காரரு ஊட்டுல வேலை செஞ்சுட்டு இருந்தேன். ஊரெல்லாம் தண்ணிக்குப் போர் போட்டுச் சம்பாரிச்சவரு. ஊடுன்னா ஊடா அது? முன்னாடி நின்னு பாத்தாக் கல்யாண மண்டபம், பின்னாடி நின்னு பாத்தா ஆஸ்பத்திரி. குடியிருக்கப் போறது புருசனும் பொண்டாட்டியும் ரெண்டே பேரு. ஒருத்தரை ஒருத்தர் தேடறதுக்கே அவங்களுக்குப் பொழுது போயிரும்.

அப்பத்தான் ஊரடங்கு போட்டாங்க. கடை இல்லை, பஸ்ஸு இல்லை, கோயிலைக்கூடச் சாத்திப்போட்டாங்க. ஆனா கட்டட வேலைக்கு மட்டும் ஒரு சந்து உட்டிருந்தாங்க. வேலையாளுக கட்டடத்துலயே தங்கியிருந்தா வேலை நடக்கலாமாம், ஆரும் வெளிய போகவும் கூடாது, உள்ள வரவும் கூடாதாம். மொதலாளிக்கு அது லட்டாட்டம் ஆயிப்போச்சு. ஆவணியில பால் காய்ச்சிக் குடி போறதுக்கு ஜோசியரு நாள் குறிச்சுக் குடுத்திருந்தாரு. அதை உட்டா மொதலாளி ஜாதகத்துக்கு வேற நாளே இல்லையாமா. மாதையன் மேஸ்திரி, அவரு சம்சாரம், மூணு கொத்தனாருக, நானு, எல்லாத்தையும் ஒட்டுக்கா உள்ள தள்ளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாரு.

"வேலை நடக்கறது நல்லதுதானக்கா. ஊட்டுல சும்மா ஒக்காந்தா கொரோனா வருதோ இல்லையோ, பசி வந்துரும்"ன்னாரு மேஸ்திரி.

அதுவும் நாயந்தான், நான் இல்லைங்கல. ஆனா வெளிய போகக் கூடாதுங்கறது எங்களுக்குத்தான். மொதலாளி தெனமும் நாமக்கல், ராசிபுரமுன்னு ஊரெல்லாம் சுத்தீட்டு வந்து, எங்க மூஞ்சிக்கு நேரா நின்னுக்கிட்டு, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழ எறக்கி உட்டுட்டு, "எல்லாரும் சுத்தமா இருங்க"ன்னு தும்முவாரு. நோயி வந்தா இந்த மனுசன் மூக்கு வழியாத்தான் வரோணுமுன்னு நான் அப்பவே மேஸ்திரிகிட்டச் சொன்னேன்.

இதெல்லாங்கூடப் பொறுத்துக்கிட்டேன். என்ற மக சுகன்யா விசயந்தான் என்னைப் போட்டு அறுத்துருச்சு.

அவ பள்ளிபாளையத்துல நெறமாசமா இருந்தா. தலைப்பிரசவம். மாப்பிள்ளை தறிப்பட்டறையில வேலை. நாயப்படி அவ என்ற ஊட்டுக்கு வந்திருக்கோணும், பஸ்ஸு இல்லாம எப்படி வர? செரி, மாமியாக்காரி பாத்துக்குவான்னு இருந்தேன். அந்த மகராசிக்குக் காய்ச்சல் வந்து, கொரோனான்னு தனியாக் கொண்டுபோயிட்டாங்க. ஆஸ்பத்திரியில கூட இருக்கறதுக்கு ஒரே ஒரு பொம்பளையத்தான் உடுவாங்களாம். அந்த ஒருத்திக்கு என்னை உட்டா அவளுக்கு ஆரு இருக்கறா? அவ அப்பன் போயிச் சேந்து வருசக்கணக்காச்சு.

"அம்மா, நீ வந்துருவயில்ல?"ன்னு போன்ல அழுதா. வலி இன்னும் வரலை, பயத்துல அழுதா.

மொதலாளிகிட்டப் போயிக் கையெடுத்துக் கும்புட்டேன். "ஏனுங்க மொதலாளி, என்னை மட்டும் உட்டுருங்க. மக பிரசவத்தைப் பாத்துப்போட்டு ஓடியாந்தர்றேன்."

"நீ போனா நாளைக்கு இன்னொருத்தன் போவான். ஆளு வர்றதும் போறதும் தெரிஞ்சா வேலையவே நிறுத்திருவாங்க. மேல்தளம் இன்னும் போடலை. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா இருக்காங்க, நீ போயிக் கத்தியா புடிக்கப் போற?"ன்னாரு.

"அவ பயந்துக்கிட்டு இருக்கறாளுங்க."

"ஊரே பயந்துக்கிட்டுத்தான் இருக்குது. போயிக் கலவையப் பாரு."

கலவையப் பாத்தேன். அன்னிக்கு நான் கலந்த சிமெண்டுல தண்ணியக் காட்டிலும் என்ற வசவுதான் சாஸ்தி. அந்தச் செவுரு இன்னும் நிக்குதுன்னா அதுக்கு மேஸ்திரியோட கைராசிதான் காரணம்.

அடுத்த நாள் கோடை மழை காத்தோட வந்து எங்க சமையல் கொட்டாயைச் சுருட்டி ரோட்டுல வீசீட்டுப் போயிருச்சு. எந்த ஊடு கட்டுனாலும் நாங்க வெளிய கொட்டாய் போட்டுத்தான் அடுப்பு மூட்டுவோம். கட்டற ஊட்டுக்குள்ள அடுப்புப் பத்த வெக்க மாட்டோம். அது ஊட்டுக்காரங்க மொதல்ல பத்த வெக்க வேண்டிய அடுப்பு. இதை எங்களுக்கு ஆரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை.

கொட்டாய் பறந்து போன ஈரம் காயறதுக்குள்ள ஒரு போலீஸ்காரரு பைக்குல வந்து எறங்குனாரு. மொதலாளி பின்னாடியே காரை நிறுத்தீட்டு ஓடியாந்தாரு.

"இங்க தங்கித்தான் வேலை பாக்கறாங்களா? தெனமும் கூட்டியாந்து கூட்டீட்டுப் போறதாக் கேள்வி."

"சத்தியமா இங்கதானுங்க சார். இதுதான் இப்ப அவங்க ஊடே."

"அப்ப சோறெல்லாம் எங்க ஆக்கறாங்க? அடுப்பையே காணமே?"

மொதலாளி மூஞ்சி செத்துப்போச்சு. வெளிய பாத்தா ஈர மண்ணு, நாலு செங்கல்லு. "உள்ளதானுங்க சார் ஆக்கறாங்க! சமையல் ரூம்புலயே! ஏ சின்னாயி, சாருக்கு ஒரு டீ போடு!"ன்னு கத்துனாரு.

நான் அசையலை. "ஏனுங்க மொதலாளி, உள்ளயா?"

"உள்ளதான் போடேன்!"

"நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க. உள்ளயா?"

"போடுன்னாப் போடு! எத்தனை தடவை கேப்ப?"ன்னு பல்லைக் கடிச்சாரு.

செரீன்னு மூணு செங்கல்லை எடுத்தேன். சமையல் ரூம்புல அடுப்பு மேடைக்கு உட்டிருந்த மூலையிலேயே கூட்டி, கான்கிரீட்டுக்கு அடிச்ச செண்ட்ரிங் பலகைச் சில்லைப் பத்த வெச்சு, எங்க கரி புடிச்ச போசியில பாலை ஊத்துனேன். அந்த நேரம் பாத்து சுகன்யா போன் பண்ணுனா. "அம்மா, இடுப்பு வலிக்கற மாதிரி இருக்குது"ன்னா. நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

"பால் பொங்குது!"ன்னு மேஸ்திரி சம்சாரம் கத்துச்சு. திரும்பிப் பாத்தா, போசி நெறஞ்சு, கெழக்குப் பக்கமாப் பாத்துப் பொங்கி வழியுது. எந்த ஐயரு வந்து வெச்சாலும் அத்தனை லட்சணமாப் பொங்காது. போலீஸ்காரரு பழக்கத்துல கையத் தட்டி, "அட, பால் பொங்கிருச்சா, நல்லது நல்லது"ன்னாரு. அப்புறந்தான் குடி போறதுக்குக் காய்ச்ச வேண்டிய பாலு பொங்கிருச்சுன்னு எங்களுக்கு ஒறைச்சுது. மொதலாளி மட்டும் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

ஒண்ணு சொல்றனுங்க. எத்தனையோ ஊட்டுக்குக் கல்லு சொமந்திருக்கேன், ஒரு ஊட்டுல பால் காய்ச்சற அன்னிக்கும் என்னை உள்ள கூப்புட்டதில்லை. கூப்புட்டாலும் கடைசிப் பந்தி. நான் குடியிருக்கறது வாடகைக்கு ஒரு ஓலைச் சாளை. அந்தப் பால் பொங்குனப்ப எனக்குப் பயமே வரலை, சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது?

டீ போட்டு எல்லாத்துக்கும் குடுத்தேன். போலீஸ்காரரு ரெண்டு டம்ளர் குடிச்சாரு. மொதலாளியும் வாங்கிக் குடிச்சாரு. போலீஸ்காரரு வண்டியத் திருப்பி அக்கட்டால போறதுக்குள்ள மொதலாளி சம்சாரம் தெய்வநாயகியம்மா வந்து எறங்குச்சு. அடுப்பைப் பாத்துது, வழிஞ்ச பாலைப் பாத்துது, என்னைப் பாத்துது.

"அட கெரகமே! என்ற ஊட்டுல தாலியறுத்தவ பால் காய்ச்சிப்போட்டாளே!"

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ ஆங்காரம். "ஆமாங்கம்மா, காய்ச்சிப்போட்டேன். உங்கூட்டுக்காரரு சொல்லித்தான் காய்ச்சுனேன். தாலியறுத்தவ சொமந்த செங்கல்லு மட்டும் உங்களுக்கு ஆகுது, பால் ஆகாதா? அப்படின்னா செங்கல்லையும் ஒவ்வொண்ணா உருவிக் குடுத்துருங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

அந்தம்மா பொசுக்குன்னு திரும்பிக்கிச்சு. ஜோசியருக்குப் போனைப் போட்டுச்சு. பதட்டத்துல ஸ்பீக்கருல போட்டுருச்சு போல, எங்க எல்லாத்துக்கும் கேட்டுச்சு.

"பால் காய்ச்சுனவ குடி வந்த மாதிரிங்கம்மா. இனி அவளா மனசு நெறஞ்சு காலி பண்ணிப் போகோணும். வயிறெரிஞ்சு போனா, நீங்க எந்த ஆவணியில காய்ச்சுனாலும் அது வெறும் பாலுதான்."

"அவ மட்டும் போனாப் போதுமுங்களா?"

"அந்தப் பாலைக் குடிச்சவங்க எல்லாருந்தான்."

போலீஸ்காரரு மனசு நெறஞ்சுதான் போனாரு, அதுல சந்தேகமில்லை. மிச்சம் இருந்தது நாங்க.

மொதலாளி என்ற முன்னாடி வந்து நின்னாரு. அத்தனை நாளும் என்ற மூஞ்சியவே பாக்காத மனுசன். "உனக்கு என்ன வேணும் சின்னாயி, சொல்லு."

"மொதல்ல என்னை இப்பவே பள்ளிபாளையத்துல கொண்டுபோயி உடோணும். என்ற மகளுக்கு வலி எடுத்துருச்சு."

"செரி."

"இவங்களையும் அவங்கவங்க ஊட்டுக்கு அனுப்போணும். நோயி அடங்கற வரைக்கும் அரிசி பருப்பு நீங்க குடுக்கோணும். உங்க கான்கிரீட்டு எங்கயும் ஓடிப் போகாதுங்க."

"ஆவணி வந்துருமே..."

"அப்ப வயிறு எரியுதுங்க மொதலாளி"ன்னு வயித்துல கைய வெச்சேன். மாதையன் மேஸ்திரி என்னைப் பாத்தாரு. வேலை வேலைன்னு சொன்ன மனுசன், அரிசின்னதும், "எனக்குங்கூட எரியற மாதிரிதான் இருக்குதுங்க"ன்னு அவரும் கைய வெச்சாரு. கொத்தனாருக மூணு பேரும் வெச்சாங்க. மொதலாளி இடுப்புல இருந்து சாவிய எடுத்துட்டாரு.

தெய்வநாயகியம்மா ஊட்டுக்குப் போயி ஒரு தட்டுல சேலையும் வெத்தலை பாக்கும் கொண்டாந்துச்சு. குங்குமச் சிமிழும் இருந்துச்சு. எங்கிட்ட வந்ததும் அதை மட்டும் கட்டை வெரல்ல மறைச்சுக்கிட்டுத் தட்டை நீட்டுச்சு. நான் சேலைய எடுத்துக்கிட்டேன். "வெரலை எடுங்கம்மா, நான் ஒண்ணும் புடுங்கிக்க மாட்டேன்"ன்னேன். அந்தம்மா கண்ணு கலங்கிப்போச்சு. எனக்குந்தான்.

வழியில ஆரும் காரை நிறுத்தாம இருக்க அந்தப் போலீஸ்காரரே போன் பண்ணிச் சொல்லி உட்டாரு. டீ நல்லா இருந்துச்சாமா. மொதலாளியே காரை ஓட்டுனாரு. பின்னாடி ஏறப் போனேன், "முன்னாடி ஒக்காரு, மனசு நெறையோணுமில்ல"ன்னாரு. ஏசி வேற போட்டு உட்டாரு. வழியெல்லாம், "இப்ப எப்படி இருக்குது? நெறஞ்சுருச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. "வேகமா ஓட்டுங்க, சொல்றேன்"னேன்.

ஆஸ்பத்திரி வாசல்ல என்ற மூக்குல குச்சிய உட்டுப் பாத்து, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்ச பொறகுதான் உள்ள உட்டாங்க. மாப்பிள்ளை அதுக்குள்ள சேத்து உட்டிருந்தாரு, சுகன்யா கட்டுல்ல சுருண்டு கெடந்தா. என்னைக் கண்டதும் என்ற கையைப் புடிச்சா பாருங்க, கல்லு தூக்கித் தூக்கிக் காச்சுப்போன என்ற கைக்கே வலிச்சுது. புள்ள பொறக்கற வரைக்கும் உடவே இல்லை. டாக்டரம்மா அவங்க வேலையப் பாத்தாங்க, நான் என்ற வேலையப் பாத்தேன்.

பொட்டப்புள்ள. ஊட்டுக்குக் கூட்டியாந்ததும் சேனை வெக்கோணுமுன்னாங்க. பச்சப்புள்ளைக்கு மொதல் மொதல்ல நாக்குல சக்கரைத் தண்ணியத் தொட்டு வெக்கறதுதான் சேனை. ஆரு வெக்கறாங்களோ அவங்க கொணம் புள்ளைக்கு வருமுன்னு, நல்லாப் பொழைக்கற சுமங்கலியாப் பாத்து வெக்கச் சொல்லுவாங்க. பக்கத்து ஊட்டுப் பொம்பளையக் கூப்புடறேன்னு நான் எந்திரிச்சேன்.

"நீயே வெய்யும்மா"ன்னா சுகன்யா.

"நான் எப்படிக் கண்ணு? ஊரு ஒரு மாதிரி பேசும். போதாததுக்கு என்ற வாய் வேற..."

"அந்த வாய்தாம்மா எம்புள்ளைக்கு வேணும்."

வெரலைத் தொட்டு நாக்குல வெச்சேன். சப்புக்கொட்டுச்சு. அப்புறம் பக்கத்து ஊடெல்லாம், வளவே அதிர்ற மாதிரி ஒரு கத்துக் கத்துச்சு, ஓடீட்டு இருந்த ரெண்டு தறியை நிறுத்தீட்டு என்னன்னு எட்டிப் பாத்தாங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தெய்வநாயகியம்மாவுக்குப் போனைப் போட்டேன்.

"மனசு நெறஞ்சுருச்சுங்கம்மா. இனி நீங்க காய்ச்சிக்குங்க"ன்னேன்.