கண் தைக்காத ஆட்டுக்குட்டி

என் அக்கா பூரணம் எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. அடுப்பில் வைத்த உலையை மறந்தாலும் மறப்பாள், கையில் எடுத்த பின்னலை மறக்கமாட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே வெள்ளைக்கார மிசியம்மாதான் கொக்கி ஊசியால் றேந்தைப் பின்னல் வேலை காட்டித் தந்தார். அக்காவின் றேந்தை மேசை விரிப்பாயிற்று. என்னுடையது என்ன என்று கேட்டவர்களோடு நான் பிறகு பேசவில்லை.

உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷப் பங்குனியில் அக்கா பின்னியது ஓர் ஆட்டுக்குட்டி. அவளுடைய ஒரே மகள் கமலாவதிக்கு ஆறு வயது. அவள் தூக்கிக்கொண்டு திரிந்த ஆட்டுக்குட்டி வண்டிச் சில்லில் அகப்பட்டுச் செத்துப்போயிற்று. பிள்ளை சோற்றைத் தொடவில்லை.

"அழாதை குஞ்சு. அதைப்போலையே ஒண்டு செய்து தாறன். அது சாகாது, எப்பவும் உன்னோடையே கிடக்கும்" என்றாள் அக்கா.

வெள்ளை நூலில் உடம்பைப் பின்னி, இலவம்பஞ்சு அடைத்து, காலும் காதும் வைத்து, செத்த குட்டிக்கு நெற்றியில் இருந்த கறுப்புப் பொட்டையும் மறக்காமல் பின்னினாள். பார்த்தால் கத்தப்போகிறது என்றுதான் நினைப்பீர்கள். அத்தானின் பழைய சட்டையிலிருந்து இரண்டு கறுப்புப் பொத்தான்களைக் கண்ணுக்கென்று வெட்டி எடுத்தாள். அதைத் தைக்கமுன் கமலாவுக்குக் காய்ச்சல் காய்ந்தது. பிறகு முகமெல்லாம் முத்துப் போட்டது.

அம்மாள் வந்துவிட்டாள். அம்மை நோய் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அத்தான் கதிரவேலு புகையிலைத் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து வேலிப் படலையில் வேப்பிலை கட்டினார். அடுப்பில் தாளிப்பு நின்றது. நாங்கள் தலை வாரவில்லை. ஊசியும் எடுக்கக்கூடாது. அம்மாள் நிற்கும் வீட்டில் எதில் ஊசி குத்தினாலும் அது பிள்ளையின் உடம்பில்தான் குத்தும் என்பார்கள். அக்கா ஊசிகளையும் பொத்தான்களையும் ஓலைப்பெட்டியில் போட்டு மூடிப் பரணில் வைத்தாள்.

இதற்கு முன்பே, மாசிக் கடைசியில், அம்மை வராமல் தடுக்க அம்மைப்பால் கட்டும் உத்தியோகத்தர் ஒருவர் வீடு வீடாக வந்திருந்தார். "பங்குனித் திங்கள் வருது. அம்மாளுக்குப் பொங்கப்போற நேரத்திலை பிள்ளையின்ரை கையைக் கீற விடமாட்டன். பொங்கல் முடிய வாருங்கோ" என்று அத்தான்தான் அவரைத் திருப்பி அனுப்பினார். அம்மாளுக்குச் செய்த மரியாதை அது. அதைச் சொல்லிக் காட்ட எனக்கு வாய் துடித்தது. பிள்ளையின் கால்மாட்டில் வேப்பங்குழையோடு அவர் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கமலாவின் இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி அவள் ஆட்டுக்குட்டியின் முகத்தை விரலால் தடவுவாள்.

"அம்மா, இதுக்குக் கண் இல்லை."

"அம்மாள் போகட்டும் ராசாத்தி. போன உடனை தைச்சு விடுறன்."

"எனக்கும் ஒண்டும் தெரியேல்லை."

"அதுவும் அம்மாள் போனால் சரிவரும்."

காலையிலும் இதே பேச்சு, மாலையிலும் இதே பேச்சு. பிள்ளை கேட்டுக் கேட்டுக் களைத்தாள், அக்கா சொல்லிச் சொல்லிக் களைத்தாள். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை.

"ஒரு பொம்மைக்குப் பொத்தான் தைச்சால் அம்மாளுக்கு என்ன குறைஞ்சு போகும்? பிள்ளை இப்ப கேக்கிறாள், அக்கா. பிறகு கேக்க இருப்பாளோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன். அதோடு நிற்கவும் இல்லை. பரணில் இருந்த பெட்டியை இறக்கி, நூலைக் கோத்து, ஆட்டுக்குட்டியைக் கையில் எடுத்தேன். அக்கா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு கையை விட்டுவிட்டு என் காலைப் பிடித்தாள். எனக்கு இரண்டு வயது மூத்தவள்.

"குணம், உனக்குப் புண்ணியமாப் போகும். என்ரை பிள்ளையின்ரை கண்ணிலை குத்திப்போடாதை."

நான் ஊசியைப் பெட்டியில் போட்டேன். அக்காவுக்காக என்று சொன்னால் அது பாதி உண்மை. மூடிக்கிடந்த அந்தக் கண்களைப் பார்த்தபோது எனக்கும் பயமாக இருந்தது.

ஊர் வைத்தியர் ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியார் வந்து இமைகளை மெல்ல விலக்கிப் பார்த்தார். பிள்ளைக்குக் கேட்காத தூரத்துக்கு எங்களை அழைத்துப் போனார்.

"கண்ணிலையும் முத்து."

"இப்ப என்ன செய்யிறது?" என்றார் அத்தான்.

"இளநீர் விட்டுக் கழுவுங்கோ. அம்மாளைக் கும்பிடுங்கோ."

அதைத்தானே செய்துகொண்டிருந்தோம். மற்றொன்று சொல்லுங்கள் என்று அவர் சால்வையைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது. மனிதரிடம் வேறு எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு படலையைத் திறந்து போனார்.

கமலா பிழைத்தாள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்துத் தலைக்கு வார்த்தோம். அம்மாளுக்கு இளநீரும் பொங்கலும் படைத்து வழியனுப்பினோம். வீக்கம் வற்றிக் கண்கள் திறந்தன. இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது. நான் முகத்துக்கு நேரே கையை ஆட்டினேன். அவள் என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

அக்கா அழவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஆட்டுக்குட்டியை மடியில் மல்லாக்கக் கிடத்தி, பொத்தான்களைத் தைத்தாள். இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். கமலா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"என்னம்மா செய்யிறியள்?"

"குட்டிக்குக் கண் தைச்சாச்சு. இந்தா, தொட்டுப்பார்."

கமலா இரண்டு பொத்தான்களையும் மாறி மாறித் தொட்டாள்.

"இப்ப இதுக்குக் கண் தெரியுமோ?"

"ஓம்" என்றாள் அக்கா. வேறென்ன சொல்லுவாள்?

பிள்ளை ஆட்டுக்குட்டியைக் கீழே வைத்தாள். தடவிக்கொண்டு வந்து தாயின் மடியில் தலையை வைத்து மல்லாந்து படுத்தாள்.

"இனி எனக்குத் தையுங்கோ. நான் அழமாட்டன்."

அக்கா என்னைப் பார்த்தாள். ஊரில் யாருக்கும் வாய் கொடுத்துத் தோற்காதவள் நான். ஊசியை அவள் கையிலிருந்து வாங்கிப் பெட்டியில் போட்டேன். திண்ணையில் இருந்த அத்தான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். ஊசி குத்தும்போது அசையக்கூடாது என்று கமலா கைகள் இரண்டையும் இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.