பானட்டில் ஒரு பொட்டு

சாவியைக் கொடுக்கும்போதே மாமனார் நிபந்தனையையும் சேர்த்துத்தான் கொடுத்தார். ஒரு வாரம் மருமகள் வண்டியை ஓட்டலாம். அந்த ஒரு வாரத்தில் புதிதாக ஒரு கீறல்கூட விழக்கூடாது. விழாவிட்டால் சாவி இனி அவளுக்கு. விழுந்தால் பஸ்.

பஸ்தான் பிரச்சினையே. திங்கட்கிழமை முதல் அவளுக்குப் புது வேலை. செராமிக் பல் செய்கிற லேப், ஊருக்கு வெளியே இருந்தது. காலை ஏழு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் போகிற முதல் பஸ்ஸோ எட்டு மணிக்குத்தான் கிளம்பும். கணவனுக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறை வந்து, இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுப் போவான்.

மாமனார் முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அவர் ஓய்வு பெற்றாரே தவிர, கண் ஓய்வு பெறவில்லை. மகனின் கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனதைப் பார்த்து, ஐந்நூறு பத்திரிகையிலும் பேனாவால் புள்ளி வைத்தவர். அவருடைய க்ரீம் நிறக் காருக்கு இருபத்திரண்டு வயது. அதில் எத்தனை கீறல், எது எங்கே என்பது அவருக்கு மனப்பாடம்.

“என் மூஞ்சியில புதுசா சுருக்கம் விழுந்தா உங்க மாமாவுக்குத் தெரியாது. வண்டியில விழுந்தா தெரிஞ்சிடும்” என்பார் மாமியார்.

ஐந்து நாள் நல்லபடியாக ஓடியது. வெள்ளிக்கிழமை மாமனார் தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார், ஞாயிறு மதியம் வருவதாகச் சொல்லிவிட்டு. சனிக்கிழமை காலை மாமியாரும் மருமகளும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். காலையில் கிளம்ப வசதி என்று அவள் எப்போதும் பின்பக்கமாகத்தான் வண்டியை உள்ளே விடுவாள். கேட்டின் இரண்டு தூணுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்கூடத் தேறாது. மாமியார் இறங்கி நின்று வழி காட்டினார்.

“வா... வா... இன்னும் வா... போதும்” என்றார்.

இடம் போதும் என்கிறார் என்று நினைத்து மருமகள் வந்துகொண்டே இருந்தாள்.

“போதும், போதும்.” இந்த முறை சத்தமாக.

தாராளமாகவே போதும் போலிருக்கிறது என்று அவளும் தைரியமாக வந்தாள். கர்ரக் என்றது.

“போதும்னு சொன்னேனேம்மா.”

“நீங்க போதும்னு சொன்னதாலதானே அத்தை வந்தேன்.”

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். இடது பின் சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை நீளத்துக்குக் கோடு. நடுவில் அவரைவிதை அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து, உள்ளேயிருந்த சாம்பல் பூச்சு பல்லிளித்தது. நல்லவேளை, தகரம் ஒடுங்கவில்லை. மாமியார் ஈரத்துணியைக் கொண்டுவந்து, முதல் வேலையாகத் தூணில் ஒட்டியிருந்த க்ரீம் தடத்தைத் துடைத்தார். திருடனுக்குத் துணை போகிறவர் மாதிரி தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கதவோரத் தகட்டில் நிறத்தின் எண் பொறித்திருந்தது. மருமகள் அதை எழுதிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் அந்த எண்ணுக்கு ஒரு சின்னப் பாட்டிலில் கலந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரு டப்பா மூடியில் தடவிக் காயவைத்து, வண்டியின் மேல் வைத்துப் பார்த்தபோது அவளுக்குப் பகீரென்றது. எண் சரிதான். ஆனால் வண்டி இருபத்திரண்டு வருஷம் வெயில் குடித்துப் பழுத்திருந்தது. அறுபது வயசுக்காரர் வாயில் இருபது வயசுப் பல்லை மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது. டீ குடித்துப் பழுத்த பல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பல்லை நிறம் சேர்த்துச் செய்வதுதானே அவள் பிழைப்பு? மறுபடி கடைக்குப் போய், மஞ்சளும் கறுப்பும் செம்பழுப்பும் துளித்துளி கேட்டாள். எந்த வண்டிக்கு இந்தக் கலர் என்று கடைக்காரர் கேட்டார். பல்லுக்கு என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்து, விளிம்பு விரலில் தட்டுப்படாமல் போகிற வரைக்கும் தேய்த்தாள். பல்குத்தும் குச்சியின் நுனியில் மஞ்சளைத் தொட்டுக் கலப்பாள், மூடியில் தடவுவாள், காயவிடுவாள், நிழலில் ஒருமுறை வெயிலில் ஒருமுறை பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். ஏழாவது மூடியில்தான் உதடு நேரானது. பிறகு தன் வேலைப் பெட்டியிலிருந்த மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பூச்சு வைத்தாள். சீக்கிரம் காயட்டும் என்று மாமியார் விசிறியோடு வந்தார். தூசி ஒட்டும் என்று அவரைத் தள்ளி உட்காரவைக்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பூச்சு. ஞாயிறு காலை அதன் மேல் நிறமில்லாத கிளியர் லாக்கர் பூசி, அது இறுகியதும் பாலிஷ் போட்டாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். கழற்றிவிட்டும் தேடினார். கிடைக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கலந்து வைத்த பெயிண்டில் பாட்டில் அடியில் ஒரு சொட்டு மிச்சமிருந்தது. பானட்டின் மேல், இடது ஓரமாக, மிளகு அளவில் ஒரு பழைய பொட்டு. எப்போதோ கல் தெறித்துத் துருப்பிடித்து நின்றது. சொத்தையைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்குமா? அதையும் சுரண்டி, தொட்டு, மெருகேற்றிவிட்டாள்.

மதியம் மாமனார் வந்தார். வண்டி கழுவித் துடைத்துத் தெருவோரம் காய்ந்துகொண்டிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. புரூப் படிக்கிற மாதிரி வரிவரியாக வண்டியைச் சுற்றி வந்தார். இடது பின் சக்கரம் வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சக்கரம் போனது. முகத்தில் திருப்தி. வண்டியைத் தானே உள்ளே விடுவதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் எப்போதும் முன்பக்கமாகத்தான் விடுவார், ஒரே மூச்சில். இன்று கேட்டருகே வந்ததும் பிரேக் போட்டார். பின்னால் போனார். மறுபடி வந்தார், மறுபடி பிரேக். மூன்றாவது தடவை வண்டி கேட்டுக்கு நடுவே கோணலாக நின்றது, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இறங்கி வந்து பானட்டைத் தடவிப் பார்த்தார்.

“பொட்டு எங்க?” என்றார்.

இருவரும் வெளியே வந்தார்கள்.

“இங்க ஒரு பொட்டு இருந்துச்சு. அதைத் தூணோட ஓரத்துக்கு நேரா வெச்சுத்தான் பதினோரு வருஷமா வண்டிய உள்ள விடறேன். அது இல்லாம எனக்கு இடமும் தெரியல, வலமும் தெரியல.”

மாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினோரு வருஷமாகக் கைத்திறமை என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது இதைத்தானா என்று கேட்டார். மாமனார் அதைக் காதில் வாங்காமல் சாவியை மருமகளிடம் நீட்டினார். “நீயே உள்ள விடு. நாளைக்கும் நீயே எடுத்துட்டுப் போ.”

அவள் கை நீட்டவில்லை. வேலை, பஸ், ஏழு மணி எல்லாம் அந்தச் சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் சொன்னாள்.

“மாமா, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நேத்து தூண்ல இடிச்சிட்டேன். நான்தான் சரி பண்ணி வெச்சேன்.”

“எங்க?”

காட்டப் போனாள். குனிந்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், விரலால் தடவினாள். செய்தவளுக்கே அது சிக்கவில்லை. மாமனார் கன்னத்தைத் தகரத்தோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் தேடினார். எழுந்தபோது கன்னத்தில் பாலிஷ்.

“பிழையக் காட்டினாத்தான் நான் கோடு போட முடியும். இல்லாததுக்கு எப்படிப் போடறது? பிடி சாவிய.”

அவள் வாங்கிக்கொண்டாள். கோணலாக நின்ற வண்டியை வெளியே எடுத்து, திருப்பி, பின்பக்கமாக அலுங்காமல் உள்ளே விட்டாள். மாமனார் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அந்தப் பொட்டை மறுபடி அதே இடத்துல வெச்சுக் குடுக்க முடியுமாம்மா?”

“சொத்தை செஞ்சு தரச் சொல்லி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மாமா. நேரம் கிடைக்கும்போது வெச்சுத் தர்றேன்.”

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வண்டி கிளம்பியது. அதன் பிறகு தினமும் ஆறேகாலுக்குக் கிளம்புகிறது. பொட்டு வைக்க மருமகளுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.