துணிக்கு ஒரு நாள் ஓய்வு

காலையில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்ததும் கட்டிங் மாஸ்டரின் கண்ணில் பட்டது, அவருடைய மேசைமேல் குவிந்து கிடந்த நானூறு டி-ஷர்ட்டுகள். எல்லாம் தைத்து முடிந்தவை. எல்லாமே உயரத்தில் இரண்டு விரல் குட்டை. குவியலின் உச்சியில் ஒரு படிவம் இருந்தது. ‘காரணம்: தையல் பிழை. கீழ் மடிப்பை அதிகமாக மடித்துத் தைத்துள்ளனர்.’ அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘இப்பவே’.

“கையெழுத்துப் போடுங்க மாஸ்டர். மூணாம் தையல் லைன் பத்துப் பேரையும் அனுப்பிட்டு வேற ஆள் போடணும். புதுத் துணி ரோல் வந்திருக்கு, அதையும் இப்பவே வெட்டிடுங்க.”

மூன்றாம் லைனின் முதல் மெஷினில் உட்காருபவள் மாஸ்டரின் தங்கை.

உண்மைக் காரணம் மாஸ்டருக்குத் தெரியும். பின்னல் துணி என்பது, எண்ண முடியாத நூல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்பது. ஒவ்வொரு வளையமும் ஒரு குட்டி ஸ்பிரிங். ரோலாகச் சுற்றும்போது அதை இழுத்துத்தான் சுற்றுகிறார்கள். பிரித்து ஒரு நாள் தளர்வாகப் போட்டு வைத்தால் வளையங்கள் தம் இயல்புக்குத் திரும்பிவிடும். அதன்பின் வெட்டினால் அளவு மாறாது. பிரித்த கையோடு வெட்டினாலோ, மேசையில் சரியாக இருந்த துண்டு மெஷினுக்குப் போவதற்குள் சுருங்கிவிடும்.

போன வாரம் இதை அவர் சொல்லவும் செய்தார். “ரெஸ்ட் துணிக்கு வேணுமா, உங்களுக்கு வேணுமா?” என்று மேனேஜர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு வெட்டினார்.

இப்போது பேனாவைத் திறந்தார். தங்கை எழுந்து வந்தாள்.

“போடுண்ணா. அதுக்கு முன்னாடி மடிப்ப மட்டும் அளந்து பாத்துட்டுப் போடு.”

டேப்பை வைத்தார். இரண்டு சென்டிமீட்டர், இருக்க வேண்டிய அளவேதான். அடுத்ததும் இரண்டு. பத்துச் சட்டை அளந்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

“சோத்துல உப்பு கம்மின்னா அண்ணிகிட்ட மூணு வீட்டுக்குக் கேக்குற மாதிரி கத்துவே. இங்க மட்டும் என்ன, உன் வாயையும் ரோலோட சேத்துச் சுத்தி வெச்சுட்டாங்களா?”

“ஏம்மா, மெஷினுக்குப் போ” என்றார் மேனேஜர். அவள் நகரவில்லை.

மாஸ்டருக்கு முகம் சுட்டது. புது ரோலைப் பிரித்து ஒரு துண்டு வெட்டினார். “அளங்க சார்.” மேனேஜர் சலிப்போடு அளந்தார்: நூறு சென்டிமீட்டர். மாஸ்டர் அயர்ன் பெட்டியைத் துணியில் படாமல் பிடித்து, நீராவியை மட்டும் விட்டார். ஒரு நாளில் நடப்பதை நீராவி சில நிமிடங்களில் நடத்திக் காட்டிவிடும். ஆறவிட்டார்.

“இப்ப அளங்க.”

தொண்ணூற்றாறு.

மேனேஜர் டேப்பைச் சுருட்டினார். “அதுக்காக ஒரு நாள் சும்மா உக்காரச் சொல்றீங்களா?”

“போன வாரம் நீங்க மிச்சம் புடிச்ச ஒரு நாள்தான் சார் இந்தக் குவியல். வெளஞ்ச பருத்தி, சாயத்துக்கு ஊத்துன தண்ணி, இவங்க தெச்ச தையல், எல்லாம் போச்சு.”

மாஸ்டர் படிவத்தில் இருந்ததை அடித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் எழுதினார்: ‘ஓய்வு கொடுக்காமல் துணியை வெட்டியது. வெட்டியவர்: நான். வெட்டச் சொன்னவர்: மேனேஜர்.’ கீழே அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

“இத முதலாளிகிட்டக் கொடுங்க. நீங்க கொடுக்கலேன்னா நான் கொடுப்பேன்.”

“முதல்ல உங்க வேலதான் போகும்.”

“போகட்டும். பண்ணாத தப்புக்கு அவங்க வேல போறதவிட, பண்ணின தப்புக்கு என் வேல போகட்டும்.”

கட்டிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். துணியைத் தளர்வாக மேசைமேல் மடித்துப் போடத் தொடங்கினார். மறுமுனையைத் தங்கை பிடித்தாள். அவளுக்குப் பின்னால் மூன்றாம் லைன் முழுவதும் எழுந்து வந்தது.

“நாளைக்குக் காலைல வரைக்கும் இதுல யாரும் கத்தி வைக்கக் கூடாது” என்றார் மாஸ்டர், ஹால் முழுக்கக் கேட்கும்படி. “தப்பு எங்க நடக்குதுன்னு தெரிஞ்சவன் வாய மூடிக்கிட்டா, நல்ல துணி குப்பைக்குப் போகும், பழி தைக்கிறவ தலையில விழும். தரம் வேணும்னா, ‘நிறுத்து’ன்னு சொல்ற உரிம வேல செய்யற ஒவ்வொருத்தருக்கும் வேணும். யாரும் அதத் தூக்கிக் கொடுக்க மாட்டாங்க. நாமதான் எடுத்துக்கணும்.”