அணைக்கக் கூடாத வெயில்

தலைவரின் பிறந்தநாளுக்கு ஆலைகளுக்கும் கடைகளுக்கும் விடுமுறை என்று முதல் நாள் மாலைதான் அறிவித்தார்கள். ஊரே கைதட்டியது. சப்ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிய ஃப்யூஸ் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஃப்யூஸ் என்பது ஊர் அவருக்கு வைத்த பேர். லேசாக உரசினாலே பொசுக்கென்று எரிந்துவிழுவார், அதனால்.

அவர் பயந்ததில் தப்பில்லை. ஊரில் கூரைக்குக் கூரை சோலார் தகடு. எல்லாம் தேர்தலுக்கு முந்தி தலைவர் இலவசமாக மாட்டிவிட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. பேட்டரிக்கு ஒதுக்கியதை எடுத்துத் தகட்டுக்குத் தகடு தலைவர் படம் ஒட்டினார்கள். படம் ஒட்டிய இடத்தில் கரன்ட் பிறக்காது என்று ஃப்யூஸ் சொல்லிப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மத்தியானம் தகடுகள் கரன்டைக் கொட்டும், ஆலைகள் தின்று தீர்க்கும். ஆலை மூடிக் கிடந்தால்? குடத்தில் பிடித்து வைக்க அது என்ன தண்ணீரா? பிறந்த நொடியே யாராவது தின்றாக வேண்டும். இல்லையென்றால் வோல்டேஜ் ஏறும். முன்பெல்லாம் அப்படி ஏறினால் நாலு தெருத் தகடுகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார். எவனோ போய், உங்கள் வெயிலை அதிகாரிகள் அணைக்கிறார்கள் என்று தலைவர் காதில் ஓத, அவர் மேடையிலேயே அழுதுவிட்டார். மறுநாள் ஆணை வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார்கள்.

"வெயிலில் பிறந்த மின்சாரத்தை எவரும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்துபவர் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழப்பார்."

ஃப்யூஸ் ஓய்வு பெற இன்னும் பத்தொன்பது நாள்.

பிறந்தநாளன்று பன்னிரண்டு மணிக்கு மீட்டர் இருநூற்று ஐம்பத்தேழு காட்டியது. இருநூற்று முப்பதில் நிற்க வேண்டியது. இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"சார், நாலு தெருவ நிறுத்திக்கட்டுமா?"

"பெரியவரே, ஆணை தெரியும்ல?"

"தெரியும். விட்டா வீட்டுக்கு வீடு டிவி வெடிக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் போயிரும். அப்ப யார் தலைய உருட்டுவீங்க?"

"அந்த நேரம் யார் டூட்டியோ, அவங்க தலையத்தான்."

"அப்ப நிறுத்தினாலும் நான், நிறுத்தாட்டியும் நான்."

"நான் அப்படிச் சொல்லல. நான் எதுவுமே சொல்லல. நீங்க போனே பண்ணல."

வைத்துவிட்டார். ஃப்யூஸ் பின்பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"மோட்டார், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, எல்லாத்தையும் போடு. அக்கம்பக்கத்துலயும் போடச் சொல்லு."

"ஏங்க, வெயில் மண்டைல ஏறிருச்சா? ஒரு லைட்ட அணைக்க மறந்தா ஊரக் கூட்டுற மனுஷனாச்சே நீங்க! இத வெளியில சொன்னேன், உங்கள எங்க கொண்டுபோய்ச் சேக்கணும்னு நாலு பேரு விலாசம் குடுப்பாங்க."

திட்டிக்கொண்டே போட்டாள். மீட்டர் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. அதற்கப்பால், ரோட்டுக்கு எதிர்ப்பக்க மைதானத்தில், மாலைக் கூட்டத்துக்கு எல்லாம் தயாராக நின்றது. அறுபது ஏர்கூலர், வீட்டுச் சுவர் அகலத்துக்கு மூன்று திரை, மலைமலையாக ஸ்பீக்கர், நாற்பதடி உயரத்துக்கு விளக்குகளாலேயே செய்த தலைவர்.

ஃப்யூஸ் ரோட்டைக் கடந்தார். கட்சிச் செயலாளர் பந்தல் நிழலில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"என்ன ஃப்யூஸண்ணே, இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல தம்பி. கடைத்தெருவுல எதிர்க்கட்சிக்காரனுங்க பேசிக்கிட்டானுங்க. உங்க தலைவரோட வெயில வச்சு இந்த லைட்டெல்லாம் பகல்ல எரிக்க முடியாதாம். நான் ஒத்துக்கல. ஆனா எனக்கென்ன தெரியும், நான் படிச்சது நாலாங்கிளாஸ்."

"எவன் சொன்னான்?" செயலாளர் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது.

கடைத்தெருவே விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது அவருக்குத் தோன்றவில்லை. ஐந்தே நிமிஷத்தில் அத்தனையும் எரிந்தன. உச்சிவெயிலில் நாற்பதடித் தலைவர் எரிவது ஒரு கண்ணுக்கும் தெரியவில்லை. மீட்டருக்குத் தெரிந்தது. இருநூற்று நாற்பத்தொன்று, முப்பத்தாறு. சேதி கேட்டுத் தலைவரே வந்து மைக்கைப் பிடித்தார். கூலர் காற்றுக்குக் கூட்டமும் சேர்ந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் பேசினார். அந்த ஆள் பேச்சு நாட்டுக்குப் பயன்பட்டதை ஃப்யூஸ் அன்றுதான் பார்த்தார். பேசு ராசா, நிறுத்தாதே.

ஆறு மணிக்கு வெயில் இறங்கியது. தகடுகள் கைவிரித்தன. வீடுகளில் விளக்கு, அடுப்பு, மோட்டார் என்று எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. மைதானமும் எரிந்துகொண்டே இருந்தது. வெளியூரிலிருந்து வரும் கரன்ட் அத்தனை வாய்க்கும் போதவில்லை. இருநூறு, நூற்றுத் தொண்ணூறு, நூற்று எழுபத்தைந்து. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஃப்யூஸ் மறுபடி ஓடினார்.

"தம்பி, அதான் காட்டியாச்சே. பாதி லைட்ட அணைச்சிரு. டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது."

"தலைவர் பொறந்தநாள்ல தலைவரையே அணைக்கச் சொல்றியா? யோவ், உன் பேர் என்ன?"

மத்தியானம் அண்ணே. சாயங்காலம் யோவ்.

மாலைக் கூட்டம் தொடங்கியிருந்தது. மேடையில் தலைவர் கையை உயர்த்தினார். "பாருங்கள் மக்களே! இத்தனை வெளிச்சமும் உங்கள் கூரை வெயில்! என் ஆட்சியில் சூரியன் மறைவதே இல்லை!" இருட்டிய வானத்துக்குக் கீழே நின்ற கூட்டம் கைதட்டியது.

ஃப்யூஸ் திரும்பி வந்தார். இன்ஜினியர் போனை அணைத்து வைத்திருந்தார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கருகல் வாடை. சுவரில் தொங்கிய ஆணையை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். வெயிலில் பிறந்த மின்சாரத்தை. ஜன்னல் வழியே மேற்கே பார்த்தார். ஒரு கீற்றுகூட இல்லை. மணி ஆறு நாற்பது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, மைதானத்து லைனை இழுத்து நிறுத்தினார்.

நாற்பதடித் தலைவர் காணாமல் போனார். ஆறடித் தலைவர் மைக் இல்லாமல் கத்தினார். முதல் வரிசைக்குக் கேட்டது. இரண்டாவது வரிசை வீட்டுக்குக் கிளம்பியது. ஊருக்குள் விளக்குகள் தெளிந்தன.

மூன்றாம் நாள் மாலை விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், ஓரமாக இன்ஜினியர்.

"தலைவர் பேசறப்ப கரன்ட நிறுத்தினது நீங்கதானா?"

"நானேதான்."

"ஆணையப் படிச்சீங்களா?"

"படிச்சுட்டுத்தான் நிறுத்தினேன். வெயில்ல பொறந்ததத்தான நிறுத்தக் கூடாது? ஆறு நாப்பதுக்கு வெயில் ஏதுங்க? இருந்துச்சுன்னா இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, வீட்டுக்குப் போறேன். இல்லன்னா, அன்னிக்குச் சூரியன் மறைஞ்சிருச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

இருந்தது என்று எழுதினால் ஊர் சிரிக்கும். மறைந்தது என்று எழுதினால் தலைவர் சும்மா விடமாட்டார். பேனா மூன்று கை மாறி மூடிக்குள் போனது. சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பது காட்டியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கோப்பில் எழுத்துகூடத் தெரியவில்லை.

இன்ஜினியர் எழுந்து சுவிட்சிடம் போனார். "லைட்டப் போடட்டுமா சார்?"

"வேண்டாம்!" மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்ப என் பென்ஷன்?" என்றார் ஃப்யூஸ்.

"வரும். போங்கய்யா."

அவர் சுவரைத் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்து வெளியே போனார்.