மெட்டுகுடா வரை பச்சை

நவம்பர் 12, புதன்

ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். என் வரைபடக் கணக்கில் 'காத்திருக்கும் நேரம்' என்ற கட்டத்தில் சோதித்துப் பார்ப்பதற்காகப் பூஜ்யம் போட்டேன். பிறகு மாற்ற மறந்துவிட்டேன்.

அமீர்பேட் கணினி மாலை வகுப்பில் நான் செய்வது ஹைதராபாத் வரைபடம். தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வர ஆகும் நேரத்தைப் பற்றி நகரத் திட்ட ஆய்வாளர்கள் திரட்டிய விவரங்களை, யாரும் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி காட்ட வேண்டும். ஓரிடத்தில் ஊசியை இழுத்து வைத்தால், அங்கிருந்து சுலபமாகப் போகக்கூடிய இடங்கள் பச்சையாகும். கொஞ்சம் சிரமமென்றால் மஞ்சள். அதற்கு மேல் சிவப்பு.

எல்லோரும் முதலில் தங்கள் வீட்டில்தான் ஊசியை வைப்பார்கள் என்றார் வகுப்பெடுக்கும் சாய்கிருஷ்ணா சார். நான் வைத்தது பட்டான்செருவில். என் கணவர் எட்வினுக்கு அங்கே மருந்துக் கம்பெனியில் ஷிப்டு வேலை. நான்கு பேரோடு அங்கேயே அறை. ஞாயிறு மட்டும் மெட்டுகுடா வீட்டுக்கு வருவார்.

மெட்டுகுடா வரை பச்சை.

எதையும் இரண்டாம் தடவை சரிபார்ப்பது என் வழக்கம். திங்களன்று பார்க்கவில்லை. திரையைப் படமெடுத்து, 'தினமும் வீட்டுக்கு வந்து போகலாம் போலிருக்கிறதே' என்று எழுதி அவருக்கு அனுப்பிவிட்டேன். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்வதாக நேற்று போனில் சொன்னார். பீரோவின் கீழ்த்தட்டை அவருக்காக ஒழித்து வைத்தேன்.

இன்று வகுப்பில் பக்கத்து நாற்காலி ஹர்ஷிதா எட்டிப் பார்த்தாள்.

"ஏய் ரோஸ்லின், உன் மேப்புல ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமலே கிளம்புது. பஸ்ஸும் உனக்காகவே நிக்குது. கலெக்டர் பொண்ணாடி நீ?"

உண்மையான நேரத்தைப் போட்டேன். மெட்டுகுடா சிவந்தது. மறுபடி பூஜ்யம் போட்டேன். பச்சை. வகுப்பு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஆய்வாளர்கள் பார்க்க வருகிறார்கள். அப்படியே விட்டால் அவர்கள் கண்டுபிடிக்காமலும் போகலாம். ஆனால் ஷிப்டு முடிந்து தினமும் ரோட்டில் நிற்கப் போகிறவர் எட்வின்.

வீட்டுக்கு வந்து போன் செய்தேன்.

"தப்பு பண்ணிட்டேங்க. அந்தப் பச்சை பொய்."

"ஹவ், ஆமா, தெரியும்."

"தெரியுமா?"

"ஆட்டோக்காரன் 'இன்னும் ஒரு ஆளு, இன்னும் ஒரு ஆளு'ன்னு கூவுறத நான்தான கேக்குறேன்."

"அப்புறம் கைக்கு, எதுக்காக ரூமைக் காலி பண்றேன்னு சொன்னீங்க?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"படத்துல அவ்வளவு கிட்ட இருந்த. நக்கோ, வேணாம்னு சொல்ல மனசு வரல."

அவரே தொடர்ந்தார்.

"கட்டிலை ரூம்ல இருக்குற பெருமாளுக்குத் தர்றேன்னு வேற சொல்லிட்டேன். இனி இல்லேன்னா அதுக்குப் பதிலா பிரியாணி கேப்பான்." சிரித்தார். பிறகு, "உன் மேப்புல ரெண்டு ஊசி குத்த முடியுமா? ஒண்ணு என் கம்பெனி, ஒண்ணு செகந்திராபாத்துல உன் ஆபீஸ். நடுவுல எங்கயாவது ரெண்டு பேருக்கும் மஞ்சளாவது வருதா பாரு. அங்க வீடு தேடலாம்."

பார்க்கிறேன் என்றேன். இரண்டு ஊசி வைக்க எனக்குத் தெரியாது. கற்றுக்கொண்டாலும், நடுவில் மஞ்சள் இருக்குமா என்பது வேறு விஷயம். பீரோத் தட்டை இன்னும் நிரப்பவில்லை.

நாளை: காத்திருக்கும் நேரத்தை ஷிப்டு வாரியாகப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு சாரிடம் கேட்டு இரண்டாவது ஊசியைச் சேர்க்க வேண்டும்.