முன்கூட்டியே முனைவர்

எங்கள் பல்கலைக்கழக வாசலில் கடை வைத்திருந்தவர்கள் மாணவர்களைச் சொந்தப் பிள்ளைகளாகவே நினைத்தார்கள். அதாவது, கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். சலூன்காரர் 'இன்டர்வியூ கட்டிங்' என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார். வழக்கமான கட்டிங்தான், முடித்துவிட்டு, "வேலை கிடைச்ச மாதிரிதான் சார்" என்பார். கண்ணாடிக்கடையில், பவர் இல்லாத கண்ணாடிக்குப் படிப்பாளி மாடல் என்று பெயர். இவர்களுக்கு நடுவில், ஆய்வேடுகளுக்கு அட்டை போடும் பைண்டர் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்க்கச் சகிக்காதவர் அவருடைய மச்சான். அந்த இடத்தில் மொபைல் கவர் விற்றால் ஓகோவென்று ஓடும் என்பது அவர் கட்சி. வரும்போதெல்லாம் டேப்பை இழுத்துச் சுவரை அளந்துவிட்டுப் போனார். கட்டடம் பைண்டரின் மனைவி பெயரில் இருந்தது. அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம்.

"இந்த வருஷத்துக்குள்ள ஒரே ஒரு ஆய்வேடாவது இங்க பைண்ட் ஆகணும். இல்லன்னா என் தம்பி கடை போடட்டும்," என்றார் அக்கா. "நீங்க அவன்கிட்ட கல்லாவுல உட்காருங்க."

"அவன்கிட்டயா? அதுக்கு நான் சும்மாவே இருப்பேன்."

"இப்ப மட்டும் என்ன பண்றீங்களாம்?"

பைண்டருக்கு ரோஷம் வந்தது. மறுநாளே வாசலில் பலகை தொங்கியது: ஆய்வு மாணவர்களுக்கு மாதிரி அட்டை இலவசம். கருநீல ரெக்சின், முதுகில் தங்க எழுத்தில் மாணவரின் பெயர். பெயருக்கு முன்னால், இன்னும் கிடைக்காத 'முனைவர்' பட்டமும் உண்டு.

"தடிமன் எவ்வளவு வரும் சார்?" என்று பைண்டர் கேட்பார். வந்தவர் விரலால் ஓர் இடைவெளி காட்டுவார். பிறகு பைண்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விரிப்பார்.

கூட்டம் அலைமோதியது. முதல் அத்தியாயத்தை இத்தனை வருடங்களாகத் தாண்டாததால் 'முன்னுரை' என்று பெயர் வாங்கியிருந்த மாணவர்கூட வந்து, நான்கு விரல் தடிமன் சொல்லி, அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்குப் போனார்.

வருடம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு தாள்கூட வரவில்லை. மச்சான் அலமாரிக்கு ஆணி எங்கே அடிக்கலாம் என்று சுவரில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அக்கா காரணத்தைத் தெரிந்துகொள்ள முன்னுரையின் வீட்டுக்கே போனார். கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் குட்டி பல்பு. பல்புக்கு அடியில் மேற்படி அட்டை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"தூசி படும்னு யாரையும் தொட விடறதில்ல," என்றார் முன்னுரையின் அம்மா பெருமையாக.

"அவர் எங்க?"

"தூங்குறான். அதான் முடிச்சிட்டானே!"

அக்கா கடைக்குத் திரும்பினார். "என்னங்க, சாப்பிடறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் ஏப்பம் வர வெச்சிட்டீங்க. இனிமே அவங்க எதுக்கு எழுதணும்?"

பைண்டர் பசைக் கிண்ணத்தைக் கிளறினார். அன்று மாலை பலகை மாறியது: தங்க எழுத்துகளுக்கு மெருகு, முற்றிலும் இலவசம். ஊரிலிருந்த அட்டைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அக்கா அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

முன்னுரைதான் முதலில் வந்தார். "அக்கா, என் அட்டை?"

"பளபளன்னு இருக்கு தம்பி. தாளைக் கொண்டாங்க, சேர்த்துத் தைச்சுத் தர்றோம்."

"அட்டை மட்டும் போதும்க்கா. அம்மா தேடுவாங்க."

"தேடட்டும்."

"நாளைக்குச் சித்தப்பா வர்றாருக்கா! அவர் பையன்கிட்ட அட்டை இல்ல."

"அப்ப இப்பவே போய் உட்காருங்க. நின்னு பேசினா லேட்டாயிடும்."

சித்தப்பா வந்தார். காலி அலமாரியில் பல்பு எரிவதைப் பார்த்து, "என்ன அண்ணி, பல்பை மட்டும் வெச்சிருக்கீங்க?" என்றார். அதன்பிறகு அந்த வீட்டில் முன்னுரைக்குக் காபி தாமதமாக வந்தது. வந்த காபியோடு, "எங்கடா உன் புக்கு?" என்ற கேள்வியும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு எழுதும்போது மட்டும்தான் அந்தக் கேள்வி வரவில்லை. ஆகவே அவர் எழுதினார்.

வருடம் முடியும் தறுவாயில், மச்சான் ஆணியும் சுத்தியலுமாக ஸ்டூலில் ஏறி நின்ற காலை, முன்னுரை தாள்களோடு உள்ளே வந்தார். பைண்டர் அட்டையை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். அட்டை நான்கு விரல். ஆய்வேடு ஒரு விரல்.

"தொளதொளன்னு இருக்கே," என்றார் பைண்டர், மனைவியைப் பார்த்து.

"வெள்ளைத் தாள் வெச்சுத் தைங்க. தங்க எழுத்தை வீணாக்க முடியுமா?"

ஸ்டூலில் இருந்த மச்சான் கொதித்தார். "அக்கா, இதெல்லாம் ஒரு ஆய்வேடா? முக்கால்வாசி வெத்துத் தாளு!"

"உன் கவருக்குள்ள மட்டும் என்னடா இருக்கும்? இறங்கு."

மச்சான் இறங்கினார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாரத்திலேயே இன்னும் சிலர் தாள்களோடு வந்து, பூட்டிய கண்ணாடிப் பெட்டியில் தத்தம் பெயரைத் தேடிக்கொண்டு நின்றார்கள். பைண்டர் வெள்ளைத் தாள் கட்டுகளைத் தனியாக வாங்கி அடுக்கினார்.

முன்னுரையின் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளரின் கருத்து சில மாதங்கள் கழித்து வந்தது. முதல் அத்தியாயத்தில் பிழைகள் மலிந்திருக்கின்றன என்றும், பிற்பகுதியில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார்.