கூட்டாமல் விட்ட இரண்டு அங்குலம்

எடையளவு ஆய்வாளர் தன் வீட்டுக் கொட்டகையில் பதினொரு வருடமாகக் கட்டிய மரப்படகு தரையைவிட்டு மூன்று சாண் எழும்பி நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு, அதன் அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஆய்வாளர் முன்னால், சுக்கான் சக்கரத்தருகே முக்காலியில். அவர் மனைவி இடப்பக்கப் பெஞ்சில், மடியில் பூண்டுத் தட்டோடு. மகள் பின்பக்கக் கட்டிலில், பரீட்சைப் புத்தகத்தைத் திறந்துவைத்துத் தூங்கிக்கொண்டு. வலப்பக்கப் பெஞ்சில் யாரும் இல்லை. அது மனைவியின் தம்பிக்கென்று வரைபடத்திலேயே ஒதுக்கிய இடம். எழும்பிய படகு இடப்பக்கமாகச் சாய்ந்தது. உரித்த பூண்டெல்லாம் உருண்டு ஒரு மூலையில் சேர்ந்தது. பன்னிரண்டு பத்துக்குப் படகு இறங்கித் தன் கட்டைகள்மேல் பழையபடி உட்கார்ந்துகொண்டது. அதன்பின் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

ஊர் இதற்கு மூன்று வாரத்தில் பழகிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு போனார்கள். படகை ஏரிக்குக் கொண்டுபோகப் பேசிவைத்திருந்த லாரிக்காரர், இனி எதற்கு என்று வரவேயில்லை. அந்தரத்தில் எப்படி நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். மனைவிதான் பதில் சொல்வாள்: "அது என் தம்பி பண்ணின கூத்துங்க. டேப்போட அந்த முனையை அவன்தான் பிடிச்சான்." சொல்லும்போது அவள் தலை தானாகக் குனியும். ஆய்வாளர் ஆணி பொறுக்கும் சாக்கில் அங்கிருந்து நகர்ந்துவிடுவார்.

ஆய்வாளரின் உத்தியோகம் கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் முழக்கோலும் சரிதானா என்று பார்த்து முத்திரை குத்துவது. அப்படிப்பட்டவர் வீட்டு டேப்பில் முனையிலிருந்து இரண்டு அங்குலம் உடைந்துபோயிருந்தது. கடைக்காரர் யாராவது அப்படியொன்றை வைத்திருந்தால் அன்றைக்கே பறிமுதல் செய்திருப்பார். தன்னுடையது என்பதால், எந்த அளவோடும் இரண்டைக் கூட்டிக் குறித்தால் போயிற்று என்று இருந்துவிட்டார். மூன்றாம் வருடம் படகின் விலாச்சட்டங்களை அறுக்க, தையற்கடை வைத்திருந்த மைத்துனர் வந்து டேப்பின் முனையைப் பிடித்தார். வலப்பக்கம் முடிந்தது. தேநீர் குடித்துவிட்டு இடப்பக்கம் ஆரம்பித்தார்கள்.

"அத்தான், ரெண்டு கூட்டிக்கிட்டீங்களா?"

"மாப்ளே, நான் அளவுக்கே அளவு பாக்கிறவன். நீ முனையைப் பிடி, போதும்."

பலகை அடிக்கும் நாளில் இடப்பக்கம் பலகை உட்காரவில்லை. உதவிக்கு வந்திருந்த ஏழெட்டுப் பேர் முன்னால் ஆய்வாளர் சிரித்துக்கொண்டே, "துணி அளக்கிற கையில மரத்தைக் கொடுத்தா இப்படித்தான். இவன் தைச்ச சட்டையைப் போட்டுப் பாருங்க, ஒரு தோள் இறங்கித்தான் நிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனரும் சிரித்தார். மறுவாரமே ஊர் ஆண்கள் கண்ணாடி முன் நின்று தங்கள் தோள்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்தில் தையற்கடைக்குப் பூட்டு விழுந்தது. மைத்துனர் வேறு ஊரில் ரெடிமேட் கம்பெனி ஒன்றில் பொத்தான் தைக்கப் போனார். அதன்பிறகு அக்கா வீட்டுப் படி மிதிக்கவில்லை.

சிரித்த நான்காம் நாளே ஆய்வாளருக்கு உண்மை தெரிந்துவிட்டது. அலுவலக அளவுகோலை வைத்துப் பார்த்தார்: இடப்பக்கச் சட்டங்கள் அத்தனையும் இரண்டு அங்குலம் குறைவு. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம், கடை அப்போது திறந்துதான் இருந்தது. ஆனால் மறுநாள் மளிகைக்காரரின் தராசைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டியிருந்தது. எந்த முகத்தோடு போவது? அதற்காகக் கண்ட குறையைப் பதியாமல் விடவும் அவரால் முடியாது. படகைக் கவிழ்த்துவைத்துத்தான் கட்டுவார்கள். அடிப்பலகை கூரையைப் பார்த்துக் கிடந்தது. அதில் பென்சிலால், தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு எழுதினார்: "இடப்பக்கம் இரண்டு கூட்டவில்லை. தவறு என்னுடையது." எழுத்து அழியாமலிருக்க வார்னிஷ் பூசினார். பலகைகளை இழுத்து வளைத்து எப்படியோ பொருத்தி, பத்துப் பேரைக் கூப்பிட்டுப் படகை நிமிர்த்தினார். இனி எவனும் அதைப் படிக்க முடியாது என்று அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

படகு எழும்பத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூசி வருகிறது என்று சொல்லிப் படகைச் சுற்றிப் படுதா கட்டினார். ஏழாவது ஞாயிறு மனைவி துடைப்பத்தோடு வந்து படுதாவை விலக்கினாள். "தூக்கிக்கிட்டு நிக்கும்போதே அடியில கூட்டிடுறேன். எத்தனை வருஷத்துக் குப்பை!" என்று குனிந்து உள்ளே போனாள். துடைப்பச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மளிகைக்காரர் வந்தார். "என்ன சார், இன்னிக்கும் சாய்மானம்தானா? எதனாலதான் இப்படி?"

தலையில் ஒட்டடையோடு வெளியே வந்த மனைவி வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். "அவரையே கேளுங்க" என்றாள்.

ஆய்வாளருக்குக் காது மடல் வரை சுட்டது. "தப்பு என்னுது. மாப்பிள்ளை மேல பழியைப் போட்டேன்."

"எவ்வளவு சார்?"

"ரெண்டு அங்குலம்."

"என் தராசு முள்ளு ஒரு நூல் நகர்ந்ததுக்கு நீங்க..." என்று ஆரம்பித்த மளிகைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க" என்று போய்விட்டார். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூட ஆய்வாளர் தாங்கியிருப்பார்.

"எட்டு வருஷமா என் வாயாலயே என் தம்பியை ஏச வெச்சிருக்கீங்க" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. போய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்து, ஏணி போட்டு ஏறி வலப்பக்கப் பெஞ்சில் வைத்தாள்.

ஆய்வாளர் அதே ஏணியில் ஏறி, அந்தப் பெஞ்சில் முதன்முறையாக உட்கார்ந்தார். படகு அதற்காக நிமிர்ந்துவிடவில்லை. தேதி போட்டார். அடிப்பலகையில் இருந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே எழுதினார். ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லப்போவதாக எழுதினார். ஞாயிறு பதினொரு மணிக்கு முன் வந்தால் படகில் ஏற வசதி, பிந்தினால் ஏணி போட வேண்டும் என்றும் எழுதினார்.

வாங்கிப் படித்த மனைவி, "மன்னிச்சுக்கோன்னு எங்க?" என்றாள்.

"கேக்க வெக்கமா இருக்கு."

"வெக்கத்தோடவே எழுதுங்க."

எழுதினார். பன்னிரண்டு பத்துக்குப் படகு இறங்கியது. அவள் உறையின் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, தன் தம்பியின் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினாள். ஆய்வாளர் செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டிக் கிடந்த தையற்கடை வழியாகவே நடந்துபோய்க் கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டார். திங்கட்கிழமை காலைத் தபால்கட்டோடு அது போயிற்று.